இடுப்புக் கயிறு முதல் ஹார்னஸ் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்னஸ் என்பது ஏறும் கயிற்றை உடம்போடு இணைக்க இடுப்பிலும் தொடையிலும் போடும் பட்டை. பாறை ஏறப் புதிதாக வருகிறவர்கள் என் பழைய ஹார்னஸைப் பார்த்தால் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். இத்தனை வருடத்தில் அதிகம் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். என் அனுபவமும் உண்டு, என்னைவிட மூத்தவர்கள் சொல்லக் கேட்டதும் உண்டு.

ஹார்னஸே இல்லாத காலத்தில் எப்படி ஏறினார்கள்?

கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றி பௌலின் என்ற, இறுகாத வளைய முடிச்சு போட்டுக்கொண்டு ஏறினார்கள். அவ்வளவுதான். கவனமானவர்கள் மூன்று நான்கு சுற்று சுற்றி, எல்லாவற்றையும் சேர்த்து முடிச்சு போடுவார்கள். விழுந்தால் கயிறு ஒரே கோட்டில் வெட்டாமல் கொஞ்சம் பரவிப் பிடிக்கும். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்ற டென்சிங்கும் ஹிலாரியும் இடுப்பில் கட்டிய கயிற்றோடுதான் நின்றார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 10 அன்று கே2 மலைச்சரிவில் ஒருவர் சறுக்க, கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு ஐந்து பேர் விழுந்தார்கள். பீட் ஷோனிங் என்ற ஒற்றை மனிதர் பனிக்கோடரியைப் பாறைக்குப் பின்னால் ஊன்றி, கயிற்றைப் பிடித்து அத்தனை பேரையும் நிறுத்தினார். அந்தக் கயிறுகளும் இடுப்பில் கட்டியவைதான். இன்று அந்தக் கதையைப் படிக்கும்போது அவர் பிடித்த பிடியை மட்டும் வியக்கிறோம். மறுமுனையில் அந்த இடுப்புகள் என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இடுப்பில் மட்டும் கயிறு கட்டித் தொங்கினால் என்ன ஆகும்?

நான் தொங்கிப் பார்த்திருக்கிறேன். நிஜமாக விழுந்தபோது அல்ல, பயிற்சியில். எங்களுக்குக் கற்றுத் தந்த அண்ணன், முதல் வாரத்திலேயே எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு கிளையில் தொங்கவிட்டார். கால் தரையிலிருந்து ஒரு முழம்தான் மேலே. அவர் கையில் கடிகாரம்.

முதல் சில நொடிகள், ‘இவ்வளவுதானா’ என்று இருந்தது. அப்புறம் கயிறு மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது. இடுப்பெலும்புக்கு மேல் கட்டியது வயிற்றைத் தாண்டி, விலா எலும்பின் அடிக்கு வந்து நின்றது. சட்டையும் அதோடு சுருண்டு மேலே வந்தது. மூச்சை வெளியே விட முடிந்தது, உள்ளே இழுக்க முடியவில்லை. அண்ணன் கீழிருந்து, “உன் பேரைச் சொல்லு” என்றார். முதல் எழுத்துக்கு மேல் வாயிலிருந்து வரவில்லை. அவர் உடனே என் காலடியில் தோள் கொடுத்துத் தூக்கினார். கடிகாரத்தை என்னிடம் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. விலாவில் அந்தச் சிவந்த தடம் நான்கைந்து நாள் இருந்தது.

நடப்பது இதுதான். கயிறு விலாக்கூட்டை அழுத்துவதால் உதரவிதானம் அசைய இடமில்லாமல் போகிறது. செங்குத்துப் பாறையாக இருந்தால் காலை ஊன்றிக் கொஞ்சம் பாரத்தைக் குறைக்கலாம். பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் விழுந்து அந்தரத்தில் தொங்கினால், சில நிமிடங்களில் நினைவு தப்பும். யாரும் மேலே இழுக்க முடியாவிட்டால் உயிர் போகும். விழுந்த அடியால் சாகாமல், தொங்கியதால் செத்தவர்கள் உண்டு.

அதனால்தான் பழையவர்கள் பையில் எப்போதும் இரண்டு சிறு கயிற்று வளையங்கள் வைத்திருப்பார்கள். 1931இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புருசிக் எழுதி வைத்த முடிச்சு ஒன்று உண்டு. பெரிய கயிற்றில் சிறு வளையத்தைச் சுற்றினால், பாரம் விழும்போது இறுகிக்கொள்ளும். பாரத்தை எடுத்தால் நகரும். தொங்குபவர் அதைப் போட்டுக் காலை நுழைத்து எழுந்து நின்றால் இடுப்பு விடுபடும், மூச்சு திரும்பும். அன்று மாலையே அண்ணன் எங்களைத் திரும்பவும் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அந்த முடிச்சைப் போட வைத்தார். இன்றும் ஹார்னஸில் ஏறினாலும் என் பின்பக்கம் அந்த வளையங்கள் தொங்கும்.

“முதலில் ஏறுபவர் விழவே கூடாது” என்பது உண்மையிலேயே விதியா?

ஆமாம், அன்றைக்கு அது உயிர் விஷயம். மணிலா நாரிலும் சணலிலும் திரித்த கயிறுகள் இழுபடாது. விழுந்த வேகத்தைக் கயிறு உள்வாங்காமல் அப்படியே உடம்புக்குக் கொடுத்துவிடும். சில நேரம் கயிறே அறுந்துவிடும். நைலான் கயிறு 1940களில் வந்த பிறகு நிலைமை மாறியது. 1953இல் எடெல்ரிட் நிறுவனம் உள்ளே இழைக்கற்றையும் வெளியே பின்னிய உறையுமாகக் கயிறு செய்தது; இன்று நாம் பயன்படுத்துவது அந்த வகைதான். கயிறு நம்பகமானதும் மக்கள் விழத் துணிந்தார்கள். விழ ஆரம்பித்ததும் இடுப்பு வலித்தது. ஹார்னஸ் தேவைப்பட்டது அப்படித்தான்.

சணல் சுற்று என்று சிலர் சொல்கிறார்களே, அது என்ன?

பிரிட்டனில் 1950களிலும் 60களிலும் பரவலாக இருந்த முறை. மெல்லிய சணல் கயிற்றை இடுப்பில் பல சுற்று சுற்றிக் கட்டி, அதில் திருகு வைத்த காரபைனரை, அதாவது திறந்து மூடும் உலோகக் கொக்கியை, மாட்டி, ஏறும் கயிற்றை அந்தக் காரபைனரில் இணைப்பார்கள். ஏறும் கயிறு நைலான். இடுப்பில் மட்டும் ஏன் சணல் என்று கேட்பார்கள். நைலான் மேல் நைலான் வேகமாக உராய்ந்தால் சூட்டில் உருகிவிடும். சணல் கருகுமே தவிர உருகாது. அப்போதெல்லாம் கயிற்றைத் தன் முதுகைச் சுற்றிப் பிடித்துத்தான் தோழரைக் காப்பார்கள். அந்த ஓடும் கயிறு இடுப்புச் சுற்றின் மேல் உரசும். காரணம் தெரிந்த பிறகு, அந்தச் சணல் சுற்றைப் பார்த்து யாரும் பழமைவாதம் என்று சொல்லமாட்டார்கள்.

ஸ்வாமி பெல்ட்?

அமெரிக்காவில், முக்கியமாக யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 1960களிலும் 70களிலும் ஓடியது இது. அகல நாடாவை இடுப்பில் ஐந்தாறு சுற்று சுற்றி நாடா முடிச்சு போடுவது. தையல் இல்லை, பக்கிள் இல்லை. கயிற்றைவிடப் பட்டையாக இருப்பதால் விழும்போது வலி குறைவு. ஆனால் தொங்கினால் அதே கதைதான், மூச்சு முட்டும். அதனால் பெரிய சுவர்களில் நாள்கணக்கில் ஏறியவர்கள் துணியால் தைத்த சிறு இருக்கை ஒன்றைக் கூடவே எடுத்துப்போனார்கள். நிற்க இடமில்லாத இடத்தில் அதில் உட்கார்ந்துகொண்டு தோழருக்குக் கயிறு விடுவார்கள். பிற்பாடு நாடாவிலேயே இரண்டு கால் வளையங்கள் கட்டிச் சேர்த்துக்கொண்டார்கள்.

நாடா முடிச்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பாரம் ஏறி இறங்க ஏறி இறங்க, நுனி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அதனால் நுனியை நான்கு விரற்கடைக்குக் குறையாமல் விட்டு, ஒவ்வொரு ஏற்றத்துக்கு முன்பும் இழுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பட்டையில் ஏறிப் பழகிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். புது ஹார்னஸ் போட்டிருந்தாலும் ஏறுவதற்கு முன் அவர் கை தானாக இடது இடுப்புக்குப் போகும். அங்கே இல்லாத முடிச்சின் நுனியைத் தேடும்.

நெஞ்சில் கட்டும் ஹார்னஸும் இருந்ததாமே?

இருந்தது. ஐரோப்பிய ஆல்ப்ஸ் பக்கம் அதிகம். விழும்போது தலை கீழே போகாமல் பிடிக்கும் என்பது அதன் பலம். ஆனால் அதை மட்டும் அணிந்து தொங்கினால் அக்குளில் பாரம் விழுந்து கைகள் மரத்துவிடும். அதுவும் உயிருக்கு ஆபத்துதான். கால்களைத் தாங்கும் பட்டையோடு சேர்த்துப் போட்டால்தான் சரி.

விலன்ஸ் ஹார்னஸைப் பற்றிப் பேசாமல் பழையவர்கள் விடுவதில்லையே, ஏன்?

ஒரு தலைமுறையே அதில்தான் ஏறியது. டான் விலன்ஸ் இங்கிலாந்துக்காரர், பிளம்பர் வேலை பார்த்தவர், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஏறுநர்களில் ஒருவர். 1970இல் கிறிஸ் பானிங்டன் தலைமையில் அன்னபூர்ணாவின் தென் முகத்துக்குப் போன குழுவுக்காக அவர் இதை வடிவமைத்தார். ட்ரோல் நிறுவனம் தைத்துக் கொடுத்தது. அந்த மே 27 அன்று விலன்ஸும் டூகல் ஹாஸ்டனும் உச்சியைத் தொட்டார்கள். பிறகு அந்த ஹார்னஸ் கடைகளுக்கு வந்து, எங்கே பார்த்தாலும் அதுதான் என்று ஆனது.

அது என்ன வேலைக்காகப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இமயத்தில் நிலையாகக் கட்டிய கயிற்றில் மணிக்கணக்கில் ஏறுவார்கள், இடையிடையே அதிலேயே உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். தடித்த உடைகளின் மேல் போட வேண்டும். அந்த வேலைக்கு அது அருமையான பொருள். அகலமான இடுப்புப் பட்டை, தொடைகளைத் தாங்கும் வளையங்கள், அப்புறம் கால்களுக்கு நடுவிலிருந்து முன்பக்கம் மேலேறி வந்து இடுப்பில் சேரும் ஒரு நாடா. உட்கார்ந்தால் நாற்காலி மாதிரி.

சிக்கல் விழும்போதுதான். அந்த நடு நாடா நேராக மேலே இழுபடும். ஆண்களுக்கு அந்த வலி எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நான் முதன்முதலில் அதில் விழுந்தது இரண்டு ஆள் உயரம்கூட இருக்காது. பாறையில் மோதவில்லை, தோல்கூடக் கிழியவில்லை. ஆனாலும் கீழே இறக்கிய பிறகு புல்லில் குப்புறப் படுத்துக் கால்மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஏறுவதற்கு முன் அந்த நாடாவை இடம் பார்த்து ஒதுக்கி வைப்பது எனக்கு ஒரு சடங்காகிவிட்டது. அதில் ஏறிய எல்லோருமே இதைச் செய்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தொங்கினால் மூச்சு விட முடிந்தது. கிளையில் தொங்கிப் பேரைச் சொல்ல முடியாமல் தவித்தவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! வலியைப் பற்றி எத்தனை சொன்னாலும், அந்த ஹார்னஸ் மேல் எனக்கு நன்றி உண்டு.

பழைய ஹார்னஸில் பக்கிளைத் திருப்பிப் போட வேண்டும் என்கிறார்களே?

ஆமாம், மறக்கவே கூடாத காரியம். பட்டையின் நுனியைப் பக்கிளில் நுழைத்து இழுத்தால் இறுகும், பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் நுனியைத் திரும்பவும் பக்கிள் வழியாக மறுபக்கம் நுழைத்தால்தான் அது நிஜமாகப் பூட்டும். நுழைக்காவிட்டால் பாரம் விழும்போது பட்டை சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். இப்போது பல ஹார்னஸ்களில் தொழிற்சாலையிலேயே திருப்பிப் போட்ட பக்கிள் வருகிறது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் எத்தனை விபத்துகள் இருந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்கும்.

எனக்கே ஒருமுறை நடந்தது. குளிர், கை விறைத்திருந்தது, பேச்சு சுவாரசியம். பாதி உயரம் போன பிறகு குனிந்து பார்க்கிறேன், பட்டையின் நுனி நீளமாகத் தொங்கி ஆடுகிறது. திருப்பிப் போடவில்லை. ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையாலும் பல்லாலும் அந்த நுனியை நுழைத்தேன். கீழே கயிறு பிடித்திருந்த தோழி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கியதும் என் பக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இனிமேல் நான் பார்க்காம நீ ஏறக் கூடாது” என்றாள். அன்றிலிருந்து அவள் பார்க்காமல் நான் ஏறியதில்லை, நான் பார்க்காமல் அவள் ஏறியதில்லை.

அனுபவம் இதற்குக் காப்பு அல்ல. உலகின் தலைசிறந்த ஏறுநர்களில் ஒருவரான லின் ஹில், 1989இல் பிரான்ஸின் பியூ பாறையில் முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஏறினார். மேலே போய்க் கயிற்றில் சாய்ந்ததும் 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். ஒரு மரத்தின் கிளைகள் தாங்கியதால் பிழைத்தார்.

ஹார்னஸ் இல்லாமல் எப்படி இறங்கினார்கள்?

உடம்பையே பிரேக்காக வைத்து. கயிறு கால்களுக்கு நடுவே போய், ஒரு தொடையைச் சுற்றி, நெஞ்சின் குறுக்கே ஏறி, எதிர்த் தோள் வழியாக முதுகில் இறங்கி, கையில் வரும். ஜெர்மானிய ஏறுநர் ஹான்ஸ் டியூல்ஃபர் பெயரால் இந்த முறை இன்றும் அறியப்படுகிறது. முதல் உலகப் போரில், 1915இல் இளம் வயதிலேயே இறந்துபோனவர். உபகரணம் ஏதும் வேண்டாம், ஒரு கயிறு போதும். ஆனால் தொடையும் கழுத்தோரமும் எரியும். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, தோளில் ஒரு துணியை மடித்து வைத்துக்கொள்வோம். வேகமாக இறங்க ஆசைப்பட்டவனைக் கழுத்துத் தழும்பை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம்.

முன்பக்கம் இருக்கும் பிலே வளையம் எப்போது வந்தது?

கயிறு பிடிக்கவும் இறங்கவும் கருவியை மாட்டும் அந்தச் சின்ன வளையம் பழைய ஹார்னஸ்களில் கிடையாது. இடுப்புப் பட்டையையும் கால் வளையங்களையும் காரபைனராலோ கயிற்றாலோ நாமே இணைக்க வேண்டும். 1970களின் கடைசியில் ட்ரோல் கொண்டுவந்த மார்க் 5 என்ற ஹார்னஸோடு இன்றைய அமைப்பு நிலைபெற்றது. இடுப்புப் பட்டை, தனித்தனிக் கால் வளையங்கள், இரண்டையும் இணைக்கும் முன் வளையம். நடு நாடா போயே போச்சு. இன்று கடையில் வாங்கும் எந்த ஹார்னஸும் அதன் வாரிசுதான்.

பெண்களுக்கு அப்போது தனி ஹார்னஸ் இருந்ததா?

நான் பார்த்தவரை இல்லை. ஆணின் உடம்பை மனதில் வைத்துத் தைத்ததையே இறுக்கிப் போட்டுக்கொண்டார்கள். இடுப்புக்கும் தொடைக்கும் உள்ள தூரம் பொருந்தாமல் பட்டை மேலேறுவது பற்றித் தோழிகள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். சிறு குழந்தைகளுக்கு இன்றும் முழு உடல் ஹார்னஸ்தான் போட வேண்டும். அவர்களுக்குப் பட்டையைத் தாங்க இடுப்பு இல்லை, தலைகீழானால் நழுவி வந்துவிடுவார்கள்.

பரணில் பழைய ஹார்னஸ் கிடைத்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. போட்டு ஏறலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நைலான் வயதாவதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வெயில் அதன் இழையைத் தின்னும். அமிலம் பட்டால் இன்னும் மோசம். பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்திருந்த பட்டை, நிறம்கூட மாறாமல் வலுவை இழந்திருக்கலாம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் துணிப் பொருளுக்குப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 10 வருடம்தான் ஆயுள் என்கிறார்கள். அடிக்கடி ஏறினால் அதைவிட வெகு சீக்கிரம் மாற்ற வேண்டும். இன்றைய ஐரோப்பியத் தரம் இடுப்பு ஹார்னஸை 15 கிலோநியூட்டன் இழுத்துச் சோதிக்கிறது. ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. உங்கள் பரணில் கிடப்பது எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டாட் ஸ்கின்னர் என்ற அமெரிக்க ஏறுநரை நினைத்துக்கொள்ளுங்கள். 2006 அக்டோபர் 23 அன்று யோசெமிட்டியின் லீனிங் டவரில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய பிலே வளையம் அறுந்தது; அவர் விழுந்து இறந்தார். அது தேய்ந்திருப்பது தெரிந்திருந்தது. புது ஹார்னஸுக்கு ஏற்பாடும் செய்திருந்தார். பல பத்தாண்டு அனுபவம் உள்ளவர். புதியது கையில் வரும்வரை இதிலேயே ஓட்டலாம் என்ற அந்தச் சில நாள்கள்தான்.

பழையதை நினைவுக்காக வைத்துக்கொள்ள ஆசையா? வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டையை ஓர் இடத்தில் கத்தரித்துவிட்டு வையுங்கள். தெரியாத பிள்ளைகள் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

அவசரத்துக்கு நாடாவில் ஹார்னஸ் கட்டத் தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டும். பெரிய நாடா வளையம் ஒன்றை முதுகுக்குப் பின்னால் பிடியுங்கள். இரண்டு ஓரங்களையும் இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டு வாருங்கள். பின்னால் தொங்கும் பகுதியைக் கால்களுக்கு நடுவே முன்னால் இழுங்கள். மூன்றையும் ஒரே காரபைனரில் மாட்டித் திருகைப் பூட்டுங்கள். குழந்தைக்கு இடுப்புத் துணி கட்டுவது போலத்தான். ஏற இது போதாது. சிக்கிக்கொண்ட இடத்திலிருந்து ஒருவரைக் கீழே இறக்க உதவும். படித்தால் வராது, தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, தரையில் பழக வேண்டும்.

இவ்வளவு வலித்ததை ஏன் இன்னும் இத்தனை அன்போடு பேசுகிறீர்கள்?

வலித்ததால் எதுவும் மறக்கவில்லை. இன்றைய ஹார்னஸ் மெத்தை மாதிரி இருக்கிறது. உட்கார்ந்தால் போட்டிருப்பதே தெரியாது. நல்லது, அப்படித்தான் இருக்க வேண்டும். பழையதைப் போட்டிருந்தபோது அது ஒவ்வொரு நிமிடமும் உடம்போடு பேசிக்கொண்டே இருந்தது. எங்கே இறுகுகிறது, எங்கே ஏறுகிறது, முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஏறினோம்.

என்னுடையது சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. ஒரு காலத்தில் சிவப்பு; இப்போது வெயில் பட்ட பக்கம் செங்கல் நிறம், பக்கிளுக்கு அடியில் மறைந்திருந்த இரண்டு விரல் அகலம் மட்டும் இன்னும் பழைய சிவப்பு. இடது தொடையில் வெட்டிவிட்டிருக்கிறேன். போன மாதம் தோழி வந்திருந்தாள். பேசிக்கொண்டே அதன் அருகில் போனவள், பட்டையின் நுனியை எடுத்துப் பக்கிளில் நுழைத்து, திருப்பி மறுபடி நுழைத்து, ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.